நெஞ்சுக்கு ஏறிய அரைஞாண்

மாசி வெயில். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடப்பதற்குள் பேச்சிராஜின் இடது கால் செருப்பு கழன்று தாரிலேயே கிடந்துவிட்டது. அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த அவர் மனைவி கோமு குனிந்து அதை எடுத்தாள்.

"ஏங்க, ஒத்தச் செருப்ப ரோட்டுல விட்டுட்டு எங்க போறிய?"

அவர் நின்றார். தன் காலைக் குனிந்து பார்த்த பிறகுதான், ஒரு கால் வெறுங்கால் என்பது அவருக்கே தெரிந்தது.

"வாரு தொளதொளன்னு ஆயிட்டு. வேற என்ன," என்றார்.

வார் இறுக்கமாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு வாங்கிய செருப்பு. கோமு உட்கார்ந்து அவர் காலில் மாட்டிவிட்டாள். மாட்டும்போது வேண்டுமென்றே உள்ளங்காலில் விரலால் லேசாகக் கீறினாள். கல்யாணமான புதிதில் இந்த மனிதரின் காலைத் தொட்டாலே போதும், கூச்சத்தில் கட்டிலை விட்டுக் குதிப்பார். இப்போது நடுரோட்டில் ஆட்டுக்கல் மாதிரி அசையாமல் நின்றார்.

"மாட்டியாச்சா, என்ன செய்யுத அங்கன?" என்றார்.

அவள் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சிராஜ் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவர். ஆவணியில் அவருக்கு முதுகுவலி வந்தது. முதலில் ஷிப்ட் முடிந்து சைக்கிளை விட்டு இறங்கும்போது மட்டும் பிடித்தது. அப்புறம் உட்கார்ந்தால் பிடித்தது. அப்புறம் படுத்தாலும் பிடித்தது. வேலை செய்கிறவன் வலி படுத்தால் குறைய வேண்டாமா? இது படுத்தால் கூடியது. சாயங்காலம் ஆனால் உடம்பு காய்ந்தது. நல்ல சாப்பாட்டுக்காரர், பாதித் தட்டில் கையைக் கழுவினார். தைலம் தேய்க்கும்போது நடுமுதுகில், விலா எலும்பு முடிகிற இடத்துக்கு நேராக, ஒரு எலும்பு மட்டும் புளியங்கொட்டை மாதிரித் துருத்திக்கொண்டு கோமுவின் கைக்குத் தட்டுப்பட்டது.

இத்தனையையும் அவள் சொல்லத்தான் செய்தாள். டவுனில் பெரிய போர்டு மாட்டிய ஒரு டாக்டரிடம் ஐப்பசியில் போனார்கள். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்து வரச்சொன்னார். வந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டு, "தேய்மானம்" என்றார். துருத்துகிற எலும்பைப் பற்றிக் கோமு வாயைத் திறந்தாள். "எல்லாருக்கும் இருக்கும்மா" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இன்னொரு டாக்டர் படத்தைக் கையிலேயே வாங்கவில்லை. மருமகன் செல்போனில் எடுத்து வைத்திருந்ததை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "ஜவ்வு தேய்மானம்" என்றார். பெல்ட் போட்டாயிற்று. பற்று போட்டாயிற்று. மாத்திரை தின்று வயிறு புண்ணாயிற்று.

தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டாலே கோமுவுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாசற்படி தேயும், செருப்பு தேயும், மில்லில் ஓடுகிற பட்டை தேயும். கண்ணெதிரே ஒரு மனிதன் நாளுக்கு நாள் உருகிப் போகிறானே, அதுவும் தேய்மானமா? இதை யாரிடம் கேட்பது? கேட்க வாயெடுப்பதற்குள்தான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்களே.

அதனால்தான் அன்றைக்கு, பக்கத்து வீட்டு மாரிக்கண்ணு சொன்னாள் என்று, மேலப்பாளையத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் டாக்டர் தஸ்மியாவைப் பார்க்க இந்தச் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தாள். "அந்தப் புள்ள சிடுசிடுன்னு விழும். ஆனா சட்டையக் கழட்டிப் பாக்கும்" என்று மாரிக்கண்ணு சொல்லியிருந்தாள். சட்டையைக் கழற்றிப் பார்க்கிற டாக்டர் என்றதும் கோமுவுக்கு வேறு விசாரணை தேவைப்படவில்லை.

அந்தப் பெண் சட்டையைக் கழற்றித்தான் பார்த்தாள். பேச்சிராஜைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக மேலிருந்து கீழே கை முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள். புளியங்கொட்டைக்கு வந்ததும் அவர், "யாத்தே!" என்று துள்ளிவிட்டார்.

"சாயங்காலம் காய்ச்சல் வருதா அண்ணாச்சி?"

கோமுவுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் வாய் இதுதான். காய்ச்சல், சாப்பாடு, படுத்தால் வலி, ரோட்டில் கிடந்த செருப்பு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். செருப்பு என்றதும் டாக்டர் நிமிர்ந்தாள். அவரைப் படுக்க வைத்து, சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினாள். கால் விருட்டென்று உதைத்தது. பிறகு சாவி முனையால் உள்ளங்காலில் அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். இடது பெருவிரல் கீழே மடங்காமல் பைய மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியதைக் கோமு பார்த்தாள்.

"பழைய படம் இருக்கா?"

கோமு மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சுவரில் மாட்டிய விளக்குப் பெட்டியில் டாக்டர் அதைச் செருகினாள். கிட்டப் போய்ப் பார்த்தாள். அப்புறம், "யா அல்லா, இது என்ன?" என்றாள்.

கோமு எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் எலும்பு வரிசை. அதன் மேல்பாதியில், சுண்ணாம்பால் இழுத்த மாதிரி, பளீரென்று வெள்ளையாகக் குழல் குழலாக என்னமோ குறுக்கே கிடந்தது. மற்றவர்களுக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்கலாம். கோமுவுக்குத் தெரியும். அவற்றில் சிலதைப் புளி போட்டு விளக்கியதே அவள்தான்.

"தாயத்து," என்றாள்.

"இந்தப் படத்தப் பாத்த டாக்டரு சொன்னது பொய்யில்லம்மா," என்றாள் தஸ்மியா. "கீழ பாருங்க, எலும்பு ஓரத்துல முள்ளு மாதிரி கூரா வளந்திருக்கு. அது தேய்மானந்தான். இந்த வயசுல யாரப் படம் எடுத்தாலும் இருக்கும். எங்க வாப்பாவுக்கும் இருக்கு. ஆனா இவருக்கு வலி அங்கன இல்லையே! நான் தட்டுனப்ப துள்ளுனது மேல. மேல பாத்தா, வீட்டு வாசல்ல லாரிய நிறுத்தி வச்ச மாதிரி இது கெடக்கு. உள்ள யாரு இருக்கா, யாரு செத்துக் கெடக்கான்னு எப்படிப் பாக்க?"

புதுப் படத்துக்கு எழுதிக் கொடுத்தாள். "எல்லாத்தையும் கழட்டணும்," என்று அழுத்திச் சொல்லி அனுப்பினாள்.

எக்ஸ்ரே அறையில் படம் எடுக்கிறவன் ஜெய்சன். வாசலில் ஒரு கூட்டமே காத்திருந்தது. பேச்சிராஜை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான். "தாயத்து கீயத்து எல்லாம் கழட்டியாச்சா?" என்று அவன் கேட்பதும், "ஆச்சு, ஆச்சு" என்று இவர் சொல்வதும் வெளியே பெஞ்சில் இருந்த கோமுவுக்குக் கேட்டது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. ஜெய்சன் நேராக டாக்டர் அறைக்குப் போனான்.

"டாக்டர், நீங்களே வந்து பாருங்க. இவரு என்னையக் கோட்டிக்காரனாக்கிட்டாரு."

கம்ப்யூட்டர் திரையில் அதே எலும்பு வரிசை. அதே வெள்ளைக் குழல்கள். இந்தத் தடவை ஒரே இடத்தில் கொத்தாகக் குவிந்து, இன்னும் மோசமாக.

"ஜெய்சன், நான் கழட்டச் சொல்லித்தான அனுப்புனேன்?"

"கழட்டியாச்சுன்னு சொன்னாரு டாக்டர்! பெரிய மனுசன் சொல்லுதாருன்னு நம்பிட்டேன். பனியனத் தூக்கிப் பாத்தா, எல்லாத்தையும் மேல ஏத்தி, நெஞ்சுக்குக் கீழ சொருகி வச்சிருக்காரு. கேட்டா ஒண்ணுந் தெரியாத மாதிரி முழிக்காரு. வெளிய எத்தன பேரு நிக்காங்க தெரியுமா?"

தஸ்மியா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கோமுவிடம் சொன்னாள்: "அம்மா, இவருக்குக் காலுக்குப் போற நரம்பு எங்கனயோ நசுங்குது. இன்னைக்கி கால்ல பலம் இருக்கு. நாளைக்கி இருக்குமான்னு எனக்குத் தெரியாது. வெறும் முதுகுவலின்னு எழுதி அனுப்புனா பெரிய ஆஸ்பத்திரியில வரிசையிலதான் உக்காரணும். படத்துல தெரிஞ்சிட்டா, இன்னைக்கே படுக்கப் போட்டுப் பாப்பாங்க. ஸ்கேன் எடுக்கதுக்கும் இதக் கழட்டித்தான் ஆகணும். நீங்களே பேசிக் கூட்டிட்டு வாங்க. எனக்குச் சத்தம் போட்டுச் சத்தம் போட்டுத் தொண்டையே போச்சு."

வராந்தாவின் கடைசியில், குடிதண்ணீர்த் தொட்டிப் பக்கம் பேச்சிராஜ் நின்றிருந்தார். கோமு போனாள்.

"கழட்டியாச்சுன்னு ஏன் பொய் சொன்னிய?"

"பொய் எங்கட்டி சொன்னேன்? மொதல்ல படம் எடுத்தானே டவுன்ல, அவன் என்ன சொன்னான்? இடுப்புப் படம், இடுப்புல ஒண்ணும் இருக்கப்படாதுன்னான். சரின்னு இடுப்புல இருந்து எடுத்து மேல ஏத்திக்கிட்டேன். இங்கனயும் அதத்தான் செஞ்சேன். இப்ப சொல்லு, இடுப்புல இருந்துச்சா? இல்லையே!"

கோமு சிரித்தாளா, அழுதாளா என்று அந்தப் பக்கம் தண்ணீர் பிடிக்க வந்தவர்களுக்குப் புரிந்திருக்காது. ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் எத்தனை படியேறி, எத்தனை வாசலில் காத்துக் கிடந்து, எத்தனை பேர் முகத்தைப் பார்த்து... அத்தனை நாளும் இந்த மனிதர் தாயத்துக் கயிற்றை ஒரு சாண் மேலே ஏற்றி, நோயை மறைத்து வைத்திருந்திருக்கிறார். டாக்டர்களை அவள் வாயாரத் திட்டியிருந்தாள். இப்போது யாரைத் திட்டுவது?

அந்த எரிச்சலுக்கு நடுவே இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. சாஸ்தா கோயிலில் கட்டும்போது அந்தக் கயிறு எவ்வளவு இறுக்கம்! ஒரு விரல் நுழையவில்லை. அது இப்போது நெஞ்சு வரைக்கும் ஏறுகிறது.

அந்தக் கயிற்றின் கதையையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பேச்சிராஜைப் பிடிவாதக்காரர் என்று மட்டும் நினைத்துவிடுவீர்கள். அவர்கள் மகள் நித்யாவைச் சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வருஷங்கள் போயும் அவளுக்கு வயிறு திறக்கவில்லை. போன பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தாவைக் கும்பிடப் போனபோது, பேச்சிராஜ் கோயில் வாசலில் விழுந்து நேர்ந்துகொண்டார். மந்திரித்த தகட்டுக் குழல்களை அரைஞாணில் கோத்துக் கட்டிக்கொள்வது. பேரப்பிள்ளை பிறந்து அதே வாசலில் முடியிறக்குகிற வரைக்கும் அது ஆள் மேனியை விட்டு இறங்கக்கூடாது. தரையில் படவே கூடாது. நித்யாவுக்கு இப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலோடு இருக்கிறாள். அதுவும் முன்னால் ஒரு தடவை கலைந்து, அப்புறம் நின்ற கரு.

"கழட்டுங்க. படம் எடுத்துட்டு உடனே கட்டிக்கிடலாம்," என்றாள் கோமு.

"எங்காலுக்காவப் புள்ள வயித்த வச்சு வெளையாடச் சொல்லுதியா?"

"இது என்ன பேச்சு?"

"பேச்சு இல்ல. நாளைக்கி அங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னு வையி. நான் கழட்டுனனால ஆச்சா, கழட்டாட்டியும் ஆயிருக்குமான்னு ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? அந்த டாக்டருப் புள்ளைக்குத் தெரியுமா? சாவுத வரைக்கும் அத நெனச்சிக்கிட்டு நான் நடந்து என்ன, நடக்காம என்ன?"

அவர் கேட்டது நியாயம்தான். அதுதான் அவளை இன்னும் கோபமாக்கியது. டாக்டருக்கு இது ஒரு கயிறு. ஜெய்சனுக்கு ஒரு தொந்தரவு. அவளும் சாஸ்தாவை நம்புகிறவள்தான். அந்த வாசலில் அவளும்தான் விழுந்து கும்பிட்டாள். புருஷன் காலையும் மகள் வயிற்றையும் ஆளுக்கொரு பக்கமாகத் தராசில் வைத்து, எதைத் தூக்குகிறாய் என்று கேட்டால் ஒருத்தி என்ன செய்வாள்?

"வா, வீட்டுக்குப் போவோம். தேய்மானந்தான். சித்திர வெயிலு வந்தாச் சரியாப் போவும்," என்று அவர் வாசலைப் பார்க்க நடந்தார்.

வராந்தாவிலிருந்து இறங்கச் சிமெண்டில் ஒரு சரிவு போட்டிருந்தார்கள். அதில் இடது காலை வைத்தவர் அப்படியே மடிந்தார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்ததால் தலை தப்பியது. ஓடிப்போய்த் தூக்கினாள். இடது முழங்கால் துணி மாதிரித் துவண்டது. எவ்வளவு எலும்பும் தோலுமாக ஆகியிருந்தாலும் ஆண்பிள்ளை உடம்பு கனம்தான். இருவருமாகச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"வழுக்கிட்டு," என்றார்.

சரிவு காய்ந்து, வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆமா, வழுக்கும். நீங்க ஊத்துன பொய்யில வழுக்கும்," என்றாள் கோமு. பிறகு அவள் குரல் வேறு மாதிரி ஆனது. "நேர்ச்சையில என்ன சொன்னிய? ஆள் மேனிய விட்டு எறங்கப்படாது. தரையில படப்படாது. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"இன்னார் மேனின்னு சொன்னியளா?"

அவர் முழித்தார்.

"எம்மேனி ஆள் மேனி இல்லியா? நான் போட்டுக்கிடுதேன். ஒங்க மேல இருந்து நேரா எம்மேல. தரையில படாது. காத்துல கூட நிக்காது."

"பொம்பள போடுத கயிறாட்டி இது?"

"நித்யா ஒங்க வயித்துலயா கெடந்தா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரொம்ப நேரம் ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலையை ஆட்டவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. கோமு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சக்கர நாற்காலி எங்கே என்று கத்தினாள்.

எக்ஸ்ரே மேஜைக்குப் பக்கத்தில் அவளே அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தளர்த்தினாள். முடிச்சை அவிழ்க்கவும் வேண்டியிருக்கவில்லை. மறுபடி இடுப்புக்கு இறங்கியிருந்த அந்தக் கயிறு, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் தோளுக்கும் தலைக்குமாக, எங்கேயும் சிக்காமல் வழுவழுவென்று ஏறி வந்துவிட்டது. உடம்பு இப்படி வற்றியிராவிட்டால் அது இவ்வளவு சீராக வந்திருக்காது. அவர் தலையை விட்டு வந்ததும் தன் தலை வழியாகக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். குழல்கள் கலகலவென்று தாலிக்கொடியோடு மோதின.

"யக்கா, மாலை போட்டாச்சு. இனிமே மீன் கறி கெடையாது," என்றான் ஜெய்சன். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது அவனுக்கு.

"சோலியப் பாரும். இந்தத் தடவையும் தெரியலன்னா ஒம்ம மெஷினையே கழட்டிருவேன்."

அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினான். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டான். டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு வாசலில் நின்ற கோமுவை உள்ளே வரச்சொன்னாள்.

"நீங்களே பாருங்கம்மா. ஒவ்வொரு எலும்பும் செங்கல் மாதிரி இருக்கு பாத்தியளா? ரெண்டு செங்கலுக்கு நடுவுல கறுப்பா ஒரு சந்து. அங்கனதான் ஜவ்வு. கீழ இருந்து விரல வச்சுக்கிட்டே மேல வாங்க."

கோமு விரலை வைத்தாள். செங்கல், சந்து. செங்கல், சந்து. மேலே போகப் போக அப்படியே வந்தது. விலா எலும்பு முளைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் விரல் நின்றது.

"இங்கன சந்தக் காணோமே."

"காணோம்," என்றாள் தஸ்மியா. "தேய்மானத்துலயும் சந்து சுருங்கும். ஆனா அதுல எலும்போட ஓரம் கெட்டியா, வெள்ளையா, கோடு போட்ட மாதிரி நிக்கும். இதுல ஓரமே இல்ல. மேல் எலும்போட அடியும் கீழ் எலும்போட தலையும் கரையான் அரிச்ச மாதிரிக் கலங்கிக் கெடக்கு. ரெண்டு பக்கமும் வெளிறுன நெழலு ஒண்ணு உப்பிக்கிட்டு நிக்குது பாருங்க. அது சீழா இருக்கும். பக்கவாட்டுப் படத்துல பாத்தா, முன்பக்கம் நொறுங்கி எலும்பு முன்னால சரிஞ்சிட்டு. அதான் பின்னால துருத்துது."

"நான் சொன்னேன்," என்றாள் கோமு. "எல்லார்ட்டயும் சொன்னேன்."

"சொல்லியிருப்பிய," என்றாள் டாக்டர். அவளுக்கும் யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை போலிருந்தது.

"புத்து நோயா?"

"அதுன்னா பெரும்பாலும் ஜவ்வ விட்டுட்டு எலும்பத்தான் திங்கும். இது ரெண்டையும் சேத்துத் தின்னிருக்கு. எனக்கு டிபின்னுதான் தோணுது. ஊசி விட்டு எடுத்துப் பாத்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"இருமலே இல்லையே! முதுகுலயுமா டிபி வரும்?"

"வரும். மருந்தும் இருக்கு. ரொம்ப நாள் சாப்பிடணும், ஆனா கேக்கும். மருந்து கேக்கதுக்குள்ள கால் போயிரக்கூடாது, அதான் விசயம். நெஞ்சப் படம் எடுக்கணும், ஸ்கேன் எடுக்கணும், எல்லாம் அங்கன செய்வாங்க. இனி இவரு உக்காரக்கூடாது, நடக்கக்கூடாது. மரக்கட்ட மாதிரிப் படுத்தே போகணும்."

"ஐப்பசியிலயே கழட்டியிருந்தா?"

தஸ்மியா பழைய படத்தையும் புதுப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அன்னைக்கி தெரிஞ்சிருக்கும்னு சத்தியமாச் சொல்ல முடியாதும்மா. ஆரம்பத்துல படம் ஒண்ணும் காட்டாது. தெரிஞ்சிருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம்."

இந்தப் பதிலைக் கோமுவால் எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை. உன் புருஷன்தான் கெடுத்தான் என்று சொல்லியிருந்தால் அவரைத் திட்டித் தீர்த்திருப்பாள். இல்லை என்று சொல்லியிருந்தால் மனம் ஆறியிருப்பாள்.

ஆம்புலன்சில் ஏற்றும்போது டாக்டர் கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வேலை சொன்னாள். "போற வழி பூரா ரெண்டு கால் பெருவிரலையும் அசைக்கச் சொல்லிக்கிட்டே போங்க. எங்கனயாவது நின்னு போச்சுன்னா, போய்ச் சேந்ததும் அங்க உள்ள டாக்டர்ட்ட மொதல்ல அதச் சொல்லணும்."

வண்டி அம்பையைத் தாண்டியது.

"ஏங்க, வெரல அசைங்க."

பேச்சிராஜ் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பதில் இல்லை.

"ஏங்க."

கண்ணை மூடிக்கொண்டார்.

கயிறு அவள் கழுத்தில் ஏறியதிலிருந்து அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜையில் படுத்தார், எழுந்தார், ஸ்ட்ரெச்சருக்கு மாறினார், எல்லாவற்றையும் ஜெய்சன் சொல்லித்தான் செய்தார். "எம் வீட்டுக்காரிக்கு நாக்கு நீளம்" என்று ஜெய்சனிடம் சொன்னது மட்டும் அவள் காதில் விழுந்தது.

"டாக்டர் சொன்னது ஒங்களுக்கும் கேட்டுதுல்லா? கொஞ்சம் அசைச்சுக் காட்டுங்க. எனக்காவ வேண்டாம்."

வலது பெருவிரல் லேசாக ஆடியது. வண்டி குலுங்கியதில் ஆடியதா, அவர் ஆட்டியதா? இடது விரல் போர்வைக்கு வெளியே சும்மா நின்றது. முடியாமல் நிற்கிறதா, வேண்டுமென்றே நிற்கிறதா? நீங்களே சொல்லுங்கள், இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊமையாகிவிட்ட காலும் ரோஷம் பிடித்த காலும் பார்வைக்கு ஒன்று மாதிரிதானே இருக்கின்றன!

வீரவநல்லூரில் கேட்டாள். சேரன்மகாதேவியில் கெஞ்சினாள். ஆற்றுப் பாலத்துக்கு வண்டி வந்தபோது, "சவத்த பிடிவாதம்! ஒங்களுக்கு என்ன வந்துச்சு இன்னைக்கி?" என்று கத்தியேவிட்டாள். டிரைவர் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தான். அவள் அவருடைய இடது பெருவிரலைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். அதில் உயிர் இருக்கிறதா என்று கையால் கேட்டாள். குளிர்ந்திருந்தது. ஏசிக் குளிரா, வேறு குளிரா என்றும் தெரியவில்லை. பேட்டை வரும்வரை அதை விடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். நெரிசலில் ஒரு இளம் டாக்டர் வந்து கடிதத்தை வாங்கினான். படத்தை விளக்கில் பிடித்துப் பார்க்கத் தொடங்கினான். கோமு படத்துக்கும் அவன் முகத்துக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள்.

"அது எங்கனயும் போவாது சார். மொதல்ல காலப் பாருங்க. அம்பையில இருந்து கேக்கேன். இடது கால் வெரலு அசையல."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். மறுபேச்சுப் பேசாமல் போர்வையை விலக்கினான்.

"ஐயா, ரெண்டு கால் பெருவிரலையும் தூக்குங்க பார்ப்போம்."

வலது விரல் உடனே தூக்கியது. கோமு குனிந்து இடது காலைப் பார்த்தாள். இடது விரல் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல நடுங்கியது. நடுங்கி நடுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு பாரம் தூக்குகிறவன் மாதிரிக் கொஞ்சம் எழும்பி, அங்கேயே நின்றது.

"இருக்கு," என்றான் டாக்டர். "பலம் குறைஞ்சிருக்கு, ஆனா இருக்கு. உடனே உள்ள கொண்டு போங்க."

கோமுவுக்கு அந்தக் காலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் தோன்றியது, பிடித்து முறுக்கவும் தோன்றியது.

"அப்ப வழி பூரா கேட்டனே, காதுல விழலியா?"

"விழுந்துச்சு," என்றார் பேச்சிராஜ். மேஜையில் ஏறியதற்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "எங்கயித்தக் கழுத்துல போட்டுக்கிட்டு எனக்கே அதிகாரம் பண்ணுத. நீ சொல்லி நான் ஏன் தூக்கணும்?"

"இன்னொரு தடவ தூக்குங்க. நான் பாக்கணும்."

"டாக்டரு சொல்லட்டும்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "தூக்குங்கய்யா," என்றான். "அவங்க பார்க்கட்டும்."